தாலி குடித்த பாதரசம்

ஒரு வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தாலிக்கு மஞ்சள் வைக்க எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

தாலி வெள்ளையாக இருந்தது.

மங்கிப்போகவில்லை, அழுக்குப் பிடிக்கவில்லை. கொலுசு மாதிரி பளபளவென்று வெள்ளை! தாலி முழுசாக, பக்கத்துக் குண்டு பாதியாக, செயினில் ஒரு விரல் நீளத்துக்கு. நகத்தால் சுரண்டினேன். சோப்புப் போட்டேன். புளியைக் கரைத்துத் தேய்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் மாமியார் அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தார். பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, தாலி வெளுத்துப் போச்சே! எம் புள்ளைக்கு இன்னா ஆவப்போவுதோ தெரியலையே!"

அந்தப் புள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், காபி டம்ளரோடு வந்து நின்றார். கோமுகி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு உண்டு. அன்றைக்குத் தண்ணீர் முறை. பைக்கை எடுக்கச் சாவியைக் கையில் வைத்திருந்தார். தாலியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சாவியை ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டார்.

"இன்னிக்கி நான் வண்டியத் தொடமாட்டேன்."

"இன்னாங்க நீங்க, பத்தாவது படிச்சவரு மாதிரியா பேசறீங்க?"

"படிச்சதுக்கும் உசுருக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார்.

எனக்குச் சகுனம், சாங்கியம் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். பத்தர் ஏமாற்றிவிட்டார்! பழசை அழித்துப் புதுசாகச் செய்து வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளியில் முலாம் பூசிக் கொடுத்திருக்கிறார், இப்போது முலாம் போய் உள்ளே இருப்பது வெளியே வந்துவிட்டது. கோபம் எனக்கு மூக்குக்கு மேலே வந்தது. என் கோபம் பற்றி இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அது முதலில் வரும், புத்தி பின்னால் வரும்.

என் பெட்டி

பத்தர் கடைக்குப் போவதற்கு முன்னால் என் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் அப்போது கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர். வீடு மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலை ஏறினால் வியாழக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவேன். கையில் எப்போதும் ஒரு பெட்டி. ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசப் பெட்டி.

இளம் வாசகர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மூடியைத் தூக்கினால் நேராக நிற்கும். மூடியில் ஒரு கண்ணாடிக் குழாய், பக்கத்தில் எண்கள். கீழே ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்தில் பாதரசம். கையில் பட்டையைக் கட்டி ரப்பர் பந்தை அமுக்கினால் கிண்ணத்துப் பாதரசம் குழாயில் ஏறும். காற்றை விட்டால் துடித்துத் துடித்து இறங்கும். அந்தத் துடிப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்! மனுஷியின் நாடி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.

துறையில் பேட்டரி மிஷின் ஒன்று கொடுத்திருந்தார்கள். அது ஒரே கையில் மூன்று தடவை கட்டினால் மூன்று விதமாகச் சொல்லும். அதை நான் அலமாரியில் தூங்கவிட்டிருந்தேன். "பாதரசம் பொய் சொல்லாது" என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டங்களில் சொன்னேன், சின்ன நர்சுகளிடம் சொன்னேன், யாரும் கேட்காதபோதும் சொன்னேன்.

பாதரசத்தோடு எனக்கு அப்படி ஒரு ஒட்டுறவு. பயிற்சிப் பள்ளியில் படித்தபோது ஆசிரியை ஒரு சின்னப் புட்டியை மேசையில் வைத்து, "எடு" என்றார். இங்க் புட்டி அளவுதான். அலட்சியமாக எடுத்தேன். கை மேசையை விட்டு வரவில்லை! உள்ளே இருந்தது திரவமா இரும்பா என்று திகைத்துப்போனேன். அதில் ஒரு மரை ஆணியைப் போட்டார். ஆணி மிதந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டு வகுப்பில் திட்டு வாங்கினேன்.

தட்டில் ஊற்றினால் நனைக்காது. உடைத்தால் நூறாகும், நூறும் உருண்டையாகவே இருக்கும், ஓரமாகத் தள்ளினால் மறுபடி ஒன்றாகிவிடும். உடைந்த அடையாளமே இருக்காது. எத்தனையோ பேரின் கல்யாண வாழ்க்கையைப் பார்த்தபோது எனக்கு இது ஞாபகம் வந்திருக்கிறது.

அதை விஷம் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ஆனால் நரம்பைத் தின்னும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். வாங்கியதோடு மறந்தும் போனேன். இல்லாவிட்டால் பின்னால் பஸ்ஸில் செய்ததைச் செய்திருப்பேனா?

மலையில் அந்தப் பெட்டிக்கு வேறு மரியாதை. பாதரசத்தை மூலிகைச் சாறு விட்டு இறுக்கி மணியாக்கிக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் உண்டு. ரசமணி என்பார்கள். இடுப்பில் கட்டினால் காத்து கருப்பு அண்டாது, கழுத்தில் கட்டினால் நினைத்தது நடக்கும் என்று நம்புகிறவர்கள் இருந்தார்கள். பிரஷர் பார்க்க வரும் பெரியவர்கள் கையைக் கொடுத்துக்கொண்டே கண்ணைப் பாதரசத்தின் மேல் வைப்பார்கள்.

"ஒரு சொட்டு குடும்மா. ஒரே சொட்டு. ஒன் பொட்டியில கொறஞ்சாப்போவப் போவுது?"

"கொறஞ்சா ஒங்க பிரஷரு தப்பாக் காட்டும் பெரியப்பா."

"கம்மியாக் காட்டுனா நல்லதுதானே!"

இதற்கு நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன்.

கொண்டை ஊசி வளைவில்

அந்தப் பெட்டியை மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பக்கவாட்டில் சாய்க்க வேண்டும், குழாயில் இருப்பதெல்லாம் கிண்ணத்துக்குள் வடிய வேண்டும், பிறகு கீழே இருக்கும் சின்னத் திருகைத் திருப்பிப் பூட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் மூடி. ஆயிரம் தடவை செய்திருப்பேன். தாலி வெளுத்த வெள்ளிக்கு முந்தைய திங்கட்கிழமை காலை, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவசரமாகப் பிரஷர் பார்த்துவிட்டு, பஸ் ஹாரன் கேட்டதும் பட்டென்று மூடிக்கொண்டு ஓடினேன். திருகைத் திருப்பவில்லை. குழாயின் மேல் வாஷரும் தேய்ந்து போயிருந்தது.

வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் இரண்டாவது வளைவிலோ மூன்றாவது வளைவிலோ, எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு பெண் காலைத் தூக்கிக்கொண்டு அலறினாள்.

"அம்மாடி, இன்னாது இது, வெள்ளி வெள்ளியா ஓடுது!"

குனிந்து பார்த்தேன். பஸ் தரை முழுக்கப் பாதரசம்! பஸ் இடப்பக்கம் திரும்பினால் அத்தனை உருண்டையும் வலப்பக்கம் ஓடுகிறது. அடுத்த வளைவில் அத்தனையும் இடப்பக்கம். இன்ஜின் அதிர்வில் ஒவ்வொன்றும் நடுங்குகிறது. ஜனங்கள் காலைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார்கள். கோழி வைத்திருந்த ஒருவர் கோழியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"யோவ், நிறுத்துய்யா வண்டிய!" என்று நான் கத்தினேன். டிரைவர் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு திருவிழா. மொத்த பஸ்ஸும் குனிந்தது. டிக்கெட்டால் தள்ளினார்கள், வெற்றிலையில் ஏந்தினார்கள், கண்டக்டர் தன் டிக்கெட் கட்டின் அட்டையைக் கிழித்துக் கொடுத்தார். "இங்க ஒண்ணு ஓடுது புடி! புடி!" என்று வயசு வித்தியாசம் இல்லாமல் குதூகலம். நான் சீட்டுக்கு அடியில் கிட்டத்தட்டப் படுத்தே விட்டேன். ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஒவ்வொரு உருண்டையாக உறிஞ்சிக் குழாய்க்குள் விட்டேன். கையால் தொடக் கூடாது, ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு ஆட்களை இறக்கியிருக்க வேண்டும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. பெட்டியைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தேன். முகமெல்லாம் வேர்வை.

"ஒரு சொட்டு வுடலை!" என்று பெருமையாகச் சொன்னேன். பஸ்ஸே கைதட்டியது.

அந்தக் கைதட்டலோடு நான்கு நாள் மலையில் பிரஷர் பார்த்தேன். கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள், வயசானவர்கள். எல்லாருக்கும் நல்லபடியாகவே இருந்தது. நம் மலைக் காற்றுக்கு யாருக்கும் பிரஷர் வராது என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி வேறு.

பத்தர் கடையில்

வெள்ளிக்கிழமைக்குத் திரும்புவோம். அன்று அரசு விடுமுறை. வண்டியைத் தொட மறுத்த வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போனேன். தாலியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு. அதைக் கட்டிவிடும்போது மாமியார் அழுதார், அதில் வீட்டுக்காரர் இன்னும் பயந்துபோயிருந்தார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார மாட்டேன், கதவுக்குப் பக்கத்திலும் உட்கார மாட்டேன் என்று நடுவில் நின்றுகொண்டே வந்தார்.

கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று, எல்லாரும் கேட்கட்டும் என்று ஆரம்பித்தேன்.

"ஏம்பா, தாலியிலயா ஏமாத்துவ? ஒனக்கும் பொண்டாட்டி இருக்கா இல்லியா? வெள்ளிய குடுத்துட்டுத் தங்கம்னு சொன்னா கடவுளுக்கே அடுக்குமா?"

பத்தர் என்னைவிட வயசில் சின்னவர். பேச்சே வராத மனிதர். துணியைப் பிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். உரைகல்லில் ஓர் ஓரத்தை இழுத்தார். செயினின் வெளுத்த இடத்தை இரண்டு விரலால் லேசாக வளைத்தார். ஒரு வளையம் டப்பென்று முறிந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! உடையுது!" என்று கடையில் இருந்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, நீங்க எங்கனா பாதரசத்துல கைய வுட்டீங்களா?"

"இன்னா?"

"தங்கம் பாதரசத்தைக் கண்டா வுடாதுக்கா. குடிச்சிரும். குடிச்சா இப்பிடித்தான் வெளுக்கும், அப்பளம் மாதிரி முறியும். பொருளு நல்ல பொருளுதான். பின்கட்டுல வெச்சி நெருப்புல காட்டுனா பாதரசம் பொகையாப் போயிரும், தங்கம் திரும்பி வரும். அந்தப் பொகையில யாரும் நிக்கக் கூடாது, அதான் வெவகாரம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் படுத்தபோது செயின் வெளியே வந்து தொங்கியிருக்கிறது. நான் ஒவ்வொரு உருண்டையாகத் துரத்திக்கொண்டிருந்தபோது என் தாலி தரையில் புரண்டு குடித்திருக்கிறது. மேலே மஞ்சளும் கழுத்து வேர்வையும் மூடியிருந்ததால் வெள்ளிக்கிழமை வரை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல! மெர்க்குரி! வெறும் மெர்க்குரி!" என்று பத்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடையில் சிரித்தார்கள். நானும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரிக்க வாயைத் திறந்தேன்.

திறந்த வாய் மூடவில்லை. ஒரு சொட்டுக்கூட விடவில்லை என்று சொன்னேனே. தாலியே இவ்வளவு குடித்திருந்தால், பஸ் தரையின் பள்ளங்களும் பலகைச் சந்துகளும் எவ்வளவு குடித்திருக்கும்? என் பெட்டியில் எவ்வளவு மிச்சம்?

"கெளம்புங்க" என்றேன்.

"தாலி?"

"அது கெடக்குது. கெளம்புங்க!"

எட்டு

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் தூக்கினேன். அதன் அளவுகோலில் அடிப்பக்கம் பெயின்ட் தேய்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் பார்ப்பது மேலே, நூற்றிருபது, எண்பது இருக்கும் இடத்தை. கீழே பூஜ்யத்தை யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்ததில்லை. அன்றைக்கு டார்ச் அடித்து, கண்ணைக் குழாய்க்கு நேராக வைத்துப் பார்த்தேன்.

பாதரசம் பூஜ்யத்தில் நிற்கவில்லை. அதற்குக் கீழே நின்றது. ஒரு கோட்டுக்கு இரண்டு என்று வைத்தால் நாலு கோடு. எட்டு.

அப்படியென்றால் நான்கு நாளாக நான் எழுதியது எல்லாமே எட்டு கம்மி.

எட்டுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். எழுபது வயசுக்காரருக்கு எட்டு பெரிய விஷயமில்லை. கர்ப்பிணிக்கு அப்படி இல்லை. நூற்றுநாற்பதுக்குத் தொண்ணூறு என்று ஒரு கோடு இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் மலையில் வைத்திருக்கக் கூடாது, கீழே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வலிப்பு வரும், தாயும் போவாள், பிள்ளையும் போகும்.

நோட்டைப் புரட்டினேன். புரட்டும்போதே எந்தப் பெயரில் நிற்கப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. மஞ்சுளா. எட்டாவது மாசம், முதல் பிள்ளை. செவ்வாய்க்கிழமை. நூற்றுமுப்பத்துநாலுக்கு எண்பத்துநாலு. எட்டைக் கூட்டினேன். நூற்றுநாற்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றிரண்டு.

அது மட்டுமா? அன்றைக்கு அவள் தலைவலி என்று சொன்னாள். கால் வீங்குது என்றாள். நான் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பிரஷர் நல்லா இருக்குது, வெயில்ல நடந்து வந்த வலி, தண்ணி குடி" என்று அனுப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பெண்ணை நம்பவில்லை. பெட்டியை நம்பினேன்.

அந்த ஊருக்கு டவர் கிடையாது. எங்கள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பாதரசம் கொட்டியது, நான் யாரிடமும் சொல்லாமல் விட்டது, எட்டு கம்மி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மெமோ கிடைக்கும், அதற்கு மேலும் கிடைக்கலாம் என்று தெரிந்தே சொன்னேன்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் சிஸ்டர்" என்றார். "நீங்க ஏறுங்க. நான் ஆம்புலன்ஸை ரோடு முடியற இடத்துக்கு அனுப்பறேன். கூட்டிக்கினு வந்துடுங்க."

அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார். சாவியை எடுத்தார்.

"ஏறு" என்றார்.

மலையில்

மதிய வெயிலில் பைக் மலை ஏறியது. பெட்டி என் மடியில். இந்தத் தடவை சாய்த்து, வடித்து, திருகைத் திருப்பிப் பூட்டியிருந்தேன். பூட்டினேனா என்று நாலு தடவை தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும், வலிப்பு வந்திருக்கக் கூடாது, வந்திருக்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

புளி தட்டும் காலம். ஊருக்குள் நுழைந்ததும் மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சுளாவும் அதில் இருந்தாள். ஒரு கையால் கொட்டையை எடுத்துக்கொண்டு இன்னொரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூச்சு வாங்க அங்கேயே பட்டையைக் கட்டினேன். நூற்றைம்பதுக்கு நூற்றிரண்டு. எட்டைக் கூட்டினால் நூற்றைம்பத்தெட்டுக்கு நூற்றுப்பத்து. முகத்தில் வீக்கம் தெளிவாகத் தெரிந்தது.

"கெளம்பு கண்ணு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே."

அவள் நகரவில்லை. "செவ்வாக்கெழம நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே நர்சக்கா."

அவள் மாமியார் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஆமாம்மா. நல்லா இருக்குதுன்னு நீங்களே சொன்னீங்க. அத நம்பித்தான் இவ தல வலிக்குதுன்னு படுத்தப்போ, சும்மா சாக்கு சொல்லாதடின்னு எழுப்பி வுட்டேன். இன்னிக்கி வந்து ஆஸ்பத்திரிங்கறீங்க. அங்க போனா வயித்தக் கீறிருவாங்க. எதத்தான் நம்பறது?"

மற்ற பெண்களும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

சுலபமாக ஒன்று சொல்லியிருக்கலாம். இந்த மூன்று நாளில் ஏறிவிட்டது என்று சொன்னால் போதும், அதிலும் பாதி உண்மை இருக்கிறது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மஞ்சுளா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழுப்பினால் இந்தப் பெண் எழுந்திருக்க மாட்டாள் என்று தெரிந்தது. இந்த மலையில் இருபது வருஷமாக நான் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதை அந்தப் புளி மரத்தடியில் கீழே போட்டேன்.

"நான் தப்பா சொல்லிட்டேன். என் பொட்டியில இருந்து பாதரசம் பஸ்ஸுல கொட்டிப் போச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனச்சி, அடியில சைபர்ல நிக்குதான்னு பாக்காம வுட்டுட்டேன். அது கம்மியாக் காட்டுச்சு. அன்னிக்கே இவளக் கீழ அனுப்பியிருக்கணும். தப்பு எம்மேலதான்."

மஞ்சுளா நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப அன்னிக்கி எனக்குத் தல வலிச்சது நெசந்தானே?"

"நெசந்தாண்டி. நெசந்தான்."

அவள் தன் மாமியார் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினீங்களா அத்த? நான் ஒண்ணும் சாக்கு சொல்லல."

சொல்லிவிட்டு மடியில் கிடந்த புளியைத் தட்டிவிட்டு எழுந்தாள். பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் உள்ளே ஓடிப்போய் ஒரு பையில் புடவையும் டம்ளரும் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். "நானும் வர்றேன். இனிமே இவள வுட்டுட்டு நான் ஒரு எடமும் போவமாட்டேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு அரைக் கிலோமீட்டர். வீட்டுக்காரர் பைக்கில் மஞ்சுளாவைப் பின்னால் உட்காரவைத்து, காலை ஊன்றி ஊன்றி, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மாமியார், ஆளுக்கொரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு ஓடினோம். "மெதுவா, மெதுவா" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது.

வார்டில்

ஊசி போட்டார்கள். வலிப்பு வரவில்லை. இரண்டு நாள் கழித்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். கையளவு பிள்ளை, ஆனால் அழுகை வராந்தாவையே தூக்கியது.

அதற்குள் நான் அந்த வாரம் பார்த்த மற்ற கர்ப்பிணிகள் எல்லாரையும் ஊர் ஊராகப் போய் மறுபடி பார்த்து முடித்திருந்தேன். யாருக்கும் ஆபத்தில்லை. மெமோவும் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

பிள்ளை பிறந்த மறுநாள் வார்டுக்குப் போனேன். மஞ்சுளா தலையணையில் சாய்ந்திருந்தாள். முக வீக்கம் வடிந்து, வேறு ஒரு பெண் மாதிரி இருந்தாள். மாமியார் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு யாரையும் தொடவிடாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலப் பிரஷர் பார்க்கும் நேரம். வார்டு நர்ஸ் எனக்குத் தெரிந்த பெண். "நீங்களே பாருங்கக்கா, ஒங்க பேஷன்ட்தானே" என்று வார்டுப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதுவும் பாதரசப் பெட்டிதான்.

கட்டிலில் வைத்து மூடியைத் தூக்கினேன். பட்டையைப் பிரித்தேன்.

மஞ்சுளா கையை நீட்டவில்லை.

"இருங்க நர்சக்கா" என்றாள்.

ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக முன்னால் குனிந்தாள். கண்ணைக் கண்ணாடிக் குழாயின் அடிக்கு நேராகக் கொண்டுவந்தாள். அவளுக்கு வலித்தது, பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அவசரப்படவில்லை. நான் பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

"இந்தச் சைபர் போட்டிருக்கற எடத்துல நிக்கணும், அதானே?"

"ஆமா."

இன்னொரு தடவை பார்த்தாள்.

"நிக்குது" என்றாள். பிறகு சாய்ந்துகொண்டு, சட்டைக் கையை மேலே சுருட்டி, எனக்குக் கையை நீட்டினாள். "இப்பக் கட்டுங்க."